சிகாகோ பில்லி கோட் டேவர்ன்: பர்கருக்காகப் போகாதீர்கள், மைக் ராய்கோவுக்காகப் போங்கள்

சிகாகோவுக்குப் போகிறேன் என்று சொன்னால் யாராவது ஒருவர் பில்லி கோட் டேவர்ன் பெயரைக் கட்டாயம் சொல்வார். காரணமும் இரண்டு சொல்வார்: டிவியில் பிரபலமான அந்த சீஸ்பர்கர் காட்சி, அப்புறம் கப்ஸ் பேஸ்பால் அணிக்கு விழுந்ததாகச் சொல்லப்படும் ஆட்டுச் சாபம். இரண்டுக்காகவும் போகலாம், தப்பில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கடைக்குப் போக உருப்படியான காரணம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. மைக் ராய்கோ என்ற பத்தியாளர், சிகாகோவின் மூன்று பெரிய தினசரிகளில் ஒன்றன் பின் ஒன்றாக எழுதியவர், வேலை முடிந்து வந்து உட்கார்ந்த இடம் அது. குடித்தார், வாக்குவாதம் செய்தார், பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார், மறுநாள் எழுதினார். அவருடைய பத்திகளில் நாலைந்தாவது படித்துவிட்டுப் போனால் கடையே வேறு மாதிரி தெரியும். படிக்காமல் போனால், பழுத்துப்போன பேப்பர் கட்டிங்குகள் சுவரில் தொங்கும் ஒரு பழைய பார், அவ்வளவுதான். அதனால் இங்கே பர்கரைப் பற்றிக் கொஞ்சமும் ராய்கோவைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன்.

முதலில் இடம். மிஷிகன் அவென்யூவில் ஒரு பக்கம் ரிக்லி பில்டிங்கையும் எதிர்ப்பக்கம் ட்ரிப்யூன் டவரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால் கடை கண்ணிலேயே படாது. ஆற்றங்கரையை ஒட்டி அந்தச் சாலை இரண்டு அடுக்காக ஓடுகிறது. மேலே விலை உயர்ந்த கடைகள், சுற்றுலாப் பயணிகள், பூந்தொட்டிகள். கீழே சரக்கு லாரிகளும் குப்பை வண்டிகளும் போகிற பாதை, நட்ட நடுப்பகலிலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்தக் கீழ் அடுக்கில்தான் கடை. நடைபாதையிலிருந்து இறங்கும் படிக்கட்டில் போகும்போதே தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும், இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆட்டின் படம் போட்ட போர்டு தெரியும். விலாசம் 430 நார்த் மிஷிகன், கீழ்த்தளம் என்று தேடிக்கொள்ளுங்கள், மேப்பை மட்டும் நம்பினால் மேல் அடுக்கிலேயே சுற்ற விட்டுவிடும்.

கடை எப்போதுமே இங்கே இருந்ததில்லை. வில்லியம் சியானிஸ் என்ற கிரேக்கர், பிழைக்க வந்த இடத்தில், 1934-இல் மேடிசன் தெருவில் சிகாகோ ஸ்டேடியத்துக்கு எதிரே இருந்த ஒரு பாரை 205 டாலருக்கு வாங்கினார். கொடுத்த செக் திரும்பிவிட்டது, முதல் வார இறுதி வசூலில் அந்தக் கடனை அடைத்தார் என்பது கடையின் பிறப்புக் கதை. ஒரு லாரியிலிருந்து விழுந்த ஆட்டுக்குட்டி கடைக்குள் நொண்டிக்கொண்டு வந்ததாம், அதை வளர்த்தார், தானும் ஆட்டுத்தாடி வைத்துக்கொண்டார், கடைக்கும் ஆட்டின் பெயரே வந்துவிட்டது. 1964-இல்தான் இந்தக் கீழ்த்தளத்துக்கு மாறினார். அந்த மாற்றம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஏனென்றால் ஒரு பக்கம் நடக்கும் தூரத்தில் ட்ரிப்யூன், இன்னொரு பக்கம் நடக்கும் தூரத்தில் சன்-டைம்ஸும் டெய்லி நியூஸும் சேர்ந்து இருந்த கட்டடம். நடுவில் விலை குறைந்த பீரும் பர்கரும் கிடைக்கும் ஒரு பாதாள பார் இருந்தால் நிருபர்களும் அச்சுக்கூடத் தொழிலாளிகளும் லாரி டிரைவர்களும் வேறு எங்கே போவார்கள்? பகலெல்லாம் போட்டி பேப்பர்காரன் செய்தியை முந்தத் துடித்தவர்கள் ராத்திரியில் ஒரே கவுன்டரில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதே 1964-இல்தான் ராய்கோ டெய்லி நியூஸில் முழுநேரப் பத்தியாளராக ஆனதும்.

சரி, சாப்பாடு. உள்ளே நுழைந்ததும் தோசைக்கல் மாதிரி அகலமான இரும்புத் தட்டில் பர்கர் வெந்துகொண்டிருக்கும், கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் நீங்கள் வாயைத் திறப்பதற்குள் "டபுள் சீஸ்! டபுள் சீஸ்!" என்று கூவுவார். மாட்டிறைச்சி பர்கர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறைச்சித் துண்டு மெலிசு, அதனால் அவர் கூவுவதைக் கேட்டு டபுளே வாங்குங்கள், ரொட்டிக்கும் கறிக்கும் அப்போதுதான் சரியாக இருக்கும். ரொட்டி பெரிய கைசர் ரோல், வழக்கமான மிருதுவான பன் இல்லை, கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கும். அவர்கள் ரொட்டி, கறி, சீஸ் மட்டும் வைத்துத் தருவார்கள். வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி, கெட்சப், கடுகுச் சாஸ் எல்லாம் ஓரமாக வைத்திருக்கிற மேசையில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். நான் வெங்காயத்தையும் வெள்ளரியையும் தாராளமாகப் போட்டு, கெட்சப்பை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுவேன். சூடான கறியின் உப்பும் ஊறுகாயின் புளிப்பும் சேரும்போது இந்த விலைக்கு இது நல்ல சாப்பாடு. அமெரிக்காவின் மிகச் சிறந்த பர்கரா என்றால் கிடையாது, அவர்களும் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் வேறு எங்காவது வயிற்றை நிரப்பிக்கொண்டு ஒரு கோக் குடிக்க இங்கே வாருங்கள்.

"சீஸ்போர்கர், சீஸ்போர்கர்! நோ ஃப்ரைஸ், சிப்ஸ்! நோ பெப்சி, கோக்!" என்று அவர்கள் போடும் கூச்சல்தான் 1978 ஜனவரி 28 அன்று சாட்டர்டே நைட் லைவ் என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் ஜான் பெலுஷி நடித்த காட்சியாக நாடு முழுக்கப் போனது. நிகழ்ச்சியில் கோக் இல்லை, பெப்சிதான் என்று மாற்றிவிட்டார்கள். அந்தக் காட்சி வந்து சரியாக ஐந்து வாரத்தில், மார்ச் 4 அன்று, சிகாகோ டெய்லி நியூஸ் தன் கடைசி இதழை அச்சடித்தது. இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கடை டிவியால் பிரபலமான அதே நாட்களில், அதன் வாடிக்கையாளர்கள் வேலை பார்த்த பேப்பர் செத்துப்போயிருக்கிறது. டெய்லி நியூஸ் மாலைப் பத்திரிகை, மாலைப் பத்திரிகைகளை அழித்ததில் மாலை நேர டிவி செய்திக்கும் பெரிய பங்கு உண்டு. நூறு வருடம் தாண்டிய பேப்பர் அது. ராய்கோவின் பெயரை உருவாக்கிய பேப்பர்.

இனி அவரைப் பற்றி. 1932-இல் சிகாகோவில் பிறந்தவர், அம்மா போலந்துக் குடும்பம், அப்பா உக்ரைனிலிருந்து வந்தவர். மில்வாக்கி அவென்யூவில் அப்பா நடத்திய பாருக்கு மேலே இருந்த வீட்டில்தான் வளர்ந்தார், சின்ன வயதிலேயே பாரில் ஊற்றிக் கொடுக்கிற வேலையும் பார்த்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எழுத்தாளர் ஒருவர் 'மக்களைப் பார்க்க' பாருக்குப் போன கதை இல்லை இது. பார்தான் அவருக்கு வீடு. அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சு அவருக்குத் தாய்மொழி. தன் பத்திகளுக்காக ஸ்லாட்ஸ் க்ரோப்னிக் என்ற ஒரு கற்பனை நண்பரை உருவாக்கினார். சின்ன வயதில் தெருவில் கூட விளையாடியவன், அரசியல்வாதி பேசுவதைக் கேட்டு ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு என்ன தோன்றுமோ அதை அப்படியே சொல்கிறவன். அந்தக் குரல் பொய்யாக இல்லாததற்குக் காரணம் அந்த மில்வாக்கி அவென்யூ மாடிவீடு.

பத்திரிகைத் தொழிலுக்குள் அவர் வந்தது ஒரு பொய்யால். கொரியப் போர்க் காலத்தில் விமானப் படையில் இருந்தவர், ஊர் திரும்பி ஓஹேர் தளத்தில் போடப்பட்டபோது, ராணுவப் போலீஸ் வேலையிலிருந்து தப்பிக்க, தான் முன்பு டெய்லி நியூஸில் நிருபராக இருந்ததாகச் சொல்லித் தளத்தின் பத்திரிகையில் சேர்ந்துவிட்டார். சில வருடங்களில் அந்தப் பொய்யை நிஜமாக்கினார்: ஒரு பேட்டை பேப்பர், அப்புறம் சிட்டி நியூஸ் பியூரோ, 1959-இல் உண்மையிலேயே டெய்லி நியூஸ். சிட்டி நியூஸ் பியூரோவைச் சிகாகோ நிருபர்களின் பயிற்சிப் பட்டறை என்றே சொல்லலாம். போலீஸ் ஸ்டேஷன், கோர்ட், பிணவறை என்று ராப்பகலாக ஓடவிடுவார்கள். "உன் அம்மா உன்மேல் பாசமாக இருப்பதாகச் சொன்னாலும் விசாரித்து உறுதி செய்" என்பது அங்கே காலங்காலமாகப் புழங்கிய வாசகம். ராய்கோவின் பத்திகளைக் கோபம், நக்கல் என்று மட்டும் படிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவருடைய கோபத்துக்குக் கீழே எப்போதும் ஒரு தகவல் இருக்கும். எந்த வார்டில், எந்த அலுவலகத்தில், யாருடைய மச்சானுக்கு எந்த வேலை கிடைத்தது என்கிற அளவுக்குத் தகவல். நகரவாசிகள் போன் போட்டுப் புலம்புவார்கள், அவருடைய உதவி நிருபர் அதைத் தோண்டுவார், உறுதியானால் மறுநாள் பத்தியில் வரும்.

பெரும்பாலான வருடங்களில் வாரத்துக்கு ஐந்து பத்தி. முப்பது வருடத்துக்கு மேல் எழுதினார், மொத்தம் 7,500-ஐத் தொடும் என்கிறார்கள். இந்தக் கணக்கை நாம் சுலபமாகப் படித்துவிட்டுத் தாண்டிவிடுகிறோம். வாரம் ஒன்று எழுதுகிறவர்களுக்கே சரக்கு தீர்ந்துவிடுகிறது. இவர் தினமும் காலையில் வெறும் தாளோடு உட்கார்ந்து, சாயங்காலம் டெட்லைனுக்குள் சிரிக்கவைக்கவோ அழவைக்கவோ ஒரு மேயரைத் தூங்கவிடாமல் செய்யவோ வேண்டும். மறுநாளும் அதையே செய்ய வேண்டும். அத்தனையும் நன்றாக இருக்க வாய்ப்பே இல்லை, இருக்கவும் இல்லை. ஆனால் நன்றாக அமைந்தவற்றின் எண்ணிக்கையே ஒரு மனிதனின் வாழ்நாளுக்கு அதிகம். பிற்காலத்தில் 600-க்கும் மேற்பட்ட பேப்பர்கள் அவற்றை வாங்கிப் போட்டன.

அவர் சண்டை போட்ட ஆள்களில் பெரியவர் மேயர் ரிச்சர்ட் ஜே. டேலி. 1955-இலிருந்து 1976-இல் இறக்கும்வரை மேயர். நகரத்தின் 50 வார்டுகளிலும் ஆள் வைத்து, ஓட்டுக்கு வேலை, வேலைக்கு ஓட்டு என்று ஓடிய பெரிய கட்சி இயந்திரம் அவருடையது. சிகாகோவின் லட்சிய வாசகமே "என் பங்கு எங்கே?" என்று இருக்க வேண்டும் என்று எழுதியவர் ராய்கோ. 1971-இல் டேலியைப் பற்றி 'பாஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். வாரம் ஐந்து பத்தியை வைத்துக்கொண்டு இடையில் எழுதிய புத்தகம் அது. மேயரின் மனைவி தன் பேட்டையில் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையில் அதைப் பார்த்துவிட்டு எடுக்கச் சொல்ல, கடைக்காரர்களும் எடுத்துவிட, அந்தச் செய்தி வெளியே வந்து விற்பனை இன்னும் ஏறியது. அடுத்த வருடம், 1972-இல், கருத்துப் பத்திகளுக்கான புலிட்சர் பரிசு. இத்தனைக்கும், டேலி இறந்தபோது ராய்கோ எழுதியதைப் படித்தால் வெறுப்பு மட்டும் தெரியாது. அந்த மனிதர் எப்படி இந்த நகரத்தின் அச்சு அசலாக இருந்தார் என்பதை, அவருடைய முரட்டுத்தனம், குடும்பப் பற்று, அடுத்தவன்மேல் சந்தேகம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். எதிரியை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தவர்களால்தான் அப்படி எழுத முடியும்.

டெய்லி நியூஸ் மூடியதும் ராய்கோ அதே கட்டடத்தில் இருந்த சன்-டைம்ஸுக்குப் போனார். 1984-இல் பத்திரிகை முதலாளி ரூபர்ட் மர்டாக் சன்-டைம்ஸை வாங்கினார். தன்மானமுள்ள எந்த மீனும் மர்டாக் பேப்பரில் பொட்டலம் கட்டப்பட விரும்பாது என்று சொல்லிவிட்டு ராய்கோ வெளியே வந்தார். தெருவைக் கடந்து, அத்தனை வருடம் போட்டி பேப்பராக இருந்த ட்ரிப்யூனில் சேர்ந்தார். மூன்று பேப்பர் மாறியும் மாறாத ஒன்று இந்தப் பார். இரண்டு பக்கக் கட்டடங்களிலிருந்தும் இறங்கி வருகிற தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதானே.

கடையில் நான் அதிக நேரம் நின்றது சுவருக்கு முன்னால்தான். பத்தியாளர்கள், நிருபர்கள், போட்டோகிராபர்களின் பெயர்கள் பேப்பரில் வருகிற பைலைன் எழுத்திலேயே பெரிதாக்கி ஒட்டப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் ராய்கோவின் போட்டோக்கள், அந்த நீண்ட மூக்கும் தடித்த கண்ணாடியும், யாரையும் எளிதில் நம்பிவிடாத முகமும். சட்டம் போட்ட பத்திகள் சில கண்ணாடிக்குள் காப்பிக் கறை நிறத்துக்கு மாறிவிட்டன, குனிந்து படிக்க வேண்டும், பின்னால் பர்கர் தட்டோடு வருகிறவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே படிக்க வேண்டும். பத்தியின் நீளத்தை அங்கே கண்ணாலேயே அளக்கலாம்: பேப்பரின் ஒரு ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு நெட்டுக்குத்தான பட்டை. இந்த அளவுக்குள்தான் அவர் தினமும் ஒரு உலகத்தை அடைத்தார் என்று தாளிலேயே பார்ப்பது வேறு, போன் திரையில் தள்ளித் தள்ளிப் படிப்பது வேறு.

நான் போனபோது பார் ஓரத்தில் ஒரு வயதானவர் உட்கார்ந்திருந்தார். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "எதைப் படித்திருக்கிறாய்?" என்று கேட்டார். ஜாக்கி ராபின்சன் பத்தி என்றேன். "அப்படியானால் உட்கார்" என்று பக்கத்து ஸ்டூலைக் காட்டினார். அவர் பத்திரிகைக்காரர் இல்லை, கொத்தனார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையில் பேப்பரைப் பிரித்ததும் முதலில் ராய்கோவைத்தான் படிப்பாராம், அப்புறம்தான் ஸ்போர்ட்ஸ் பக்கமாம். ஒரு பத்தியாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ராபின்சன் பத்தியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கடையின் பெரிய விளம்பரக் கதைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1947 மே 18, நவீன காலத்தில் பேஸ்பாலின் பெரிய லீகில் விளையாட வந்த முதல் கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் முதல் தடவையாகச் சிகாகோவில், கப்ஸின் மைதானமான ரிக்லி ஃபீல்டில் இறங்குகிறார். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 46,572 பேர். 14 வயது ராய்கோவும் கூட்டாளியோடு நடந்தே போய் உள்ளே நெருக்கியடித்து நிற்கிறான். சுற்றிலும் கறுப்பின மக்கள், கோயிலுக்குப் போகிற மாதிரி நல்ல உடுப்பு உடுத்தி வந்திருக்கிறார்கள். ராபின்சன் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாலும் ஆரவாரம், அவுட் ஆகும்போது கூட்டத்திலிருந்து ஒரு முனகல். ஆட்டத்தின் பிற்பகுதியில் ராபின்சன் அடித்த ஒரு பந்து பையனின் கைக்கே வந்துவிடுகிறது. பக்கத்தில் நின்ற ஒரு கறுப்பின மனிதர் அதைப் பத்து டாலருக்குக் கேட்கிறார். அன்றைக்கு அது பெரிய தொகை, பையன் கொடுத்துவிடுகிறான். ராபின்சன் இறந்த 1972 அக்டோபரில் இதை எழுதும்போது, அந்தப் பத்து டாலரைச் சம்பாதிக்க அந்த மனிதர் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று அப்போது தனக்குத் தெரியவில்லையே, பந்தைச் சும்மாவே கொடுத்திருக்கலாமே என்று யோசிக்கிறார். இனவாதம் என்ற வார்த்தையைத் தூக்கிப்பிடித்து ஒரு பிரசங்கம் கிடையாது. ஒரு பந்து, பத்து டாலர், இரண்டு பேர், அவ்வளவுதான். படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடக்க வேண்டியிருந்தது எனக்கு.

இப்போது கடையின் சாபக் கதைக்கு வருவோம். 1945 அக்டோபர் 6, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் நாலாவது ஆட்டத்துக்கு வில்லியம் சியானிஸ் தன் ஆட்டையும் கூட்டிக்கொண்டு, அதற்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறார். ஆடு நாறுகிறது என்று அனுமதிக்கவில்லை. கப்ஸ் இனி ஜெயிக்காது என்று சாபம் விடுகிறார். அந்தத் தொடரைக் கப்ஸ் டெட்ராய்ட்டிடம் தோற்றது. அப்புறம் 2016 நவம்பரில்தான், 1908-க்குப் பிறகு 108 வருடம் கழித்து, கோப்பையைத் தூக்கியது. கடையின் சுவரெல்லாம் இந்தக் கதைதான், வருகிறவர்களில் பாதிப் பேர் ஆட்டோடு போட்டோ எடுக்கத்தான் வருகிறார்கள்.

ராய்கோ வில்லியமின் சகோதரர் மகனான சாம் சியானிஸுக்கு நெருங்கிய நண்பர். 1970-இல் வில்லியம் இறந்தபின் கடையைக் கட்டிக்காத்தவர் சாம்தான். அப்படிப்பட்ட நண்பரின் கடைக்குச் சோறு போடும் கதையை ராய்கோ தன் கடைசிப் பத்தியில் உடைத்தார். 1997 மார்ச் 21 அன்று வெளியானது அது. கப்ஸைச் சபித்தது ஆடும் இல்லை, ஆட்டுக்காரரும் இல்லை, அணியின் முதலாளி பி.கே. ரிக்லிதான் என்று எழுதினார். ராபின்சன் வந்த பிறகும் மற்ற அணிகள் திறமையான கறுப்பின வீரர்களை எடுத்துக்கொண்டிருக்க, கப்ஸ் நிர்வாகம் கதவைச் சாத்தி வைத்திருந்தது. கப்ஸின் முதல் கறுப்பின வீரரான எர்னி பேங்க்ஸ் இறங்கியது 1953 செப்டம்பரில், ராபின்சனுக்கு ஆறு வருடம் கழித்து. தோல்விக்குக் காரணம் மாயமந்திரம் இல்லை, மனிதர்கள் எடுத்த முடிவு என்பதுதான் அந்தப் பத்தி. 1947-இல் அந்த மைதானத்தில் கண்ணால் பார்த்ததை ஐம்பது வருடம் கழித்து அவர் விடவில்லை. அந்தப் பத்தி வந்து ஆறு வாரத்துக்குள், ஏப்ரல் 29 அன்று, மூளை ரத்தக்குழாய் வீக்கத்தால் இறந்துபோனார், வயது 64. அவருக்கான நினைவுக் கூட்டம் ரிக்லி ஃபீல்டிலேயே நடந்தது.

இதனால்தான் சொல்கிறேன், ஆட்டு போட்டோவோடு திரும்பிவிடாதீர்கள். நண்பனின் கடைக் கதை என்று பார்க்காமல் உண்மையைச் சொன்னவரும், அப்படிச் சொன்னவரின் முகத்தை இன்றும் சுவரில் மாட்டி வைத்திருக்கும் கடையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ராய்கோவைத் தெய்வமாக்க நான் வரவில்லை. முன்கோபி, குடி அதிகம். 1990-களில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். 1996-இல் மெக்சிகோவைப் பற்றி நையாண்டி என்று அவர் எழுதிய பத்தி பல பேரைக் காயப்படுத்தியது, ட்ரிப்யூன் டவருக்கு வெளியே பெருங்கூட்டம் கூடி அவரை வேலையிலிருந்து நீக்கச் சொன்னது. காயப்பட்டவர்கள் பக்கம்தான் நான். பலமானவனைப் பார்த்து எறிய வேண்டிய கல்லை அன்றைக்கு அவர் தவறான இடத்தில் எறிந்தார். பார்களின் புகையும் சிரிப்புமாக அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்கள், அந்த ஸ்டூல்களில் எத்தனை பேர் உடம்பையும் குடும்பத்தையும் தொலைத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஆனாலும் அதே மனிதர்தான் 1979 நவம்பரில் அந்த ஏரிக்கரை வீட்டுப் பத்தியை எழுதினார். அந்த வருடம் செப்டம்பர் 19 அன்று, அவருடைய பிறந்தநாளன்றே, மனைவி கேரல் இறந்துபோனார். சில வாரங்கள் எழுதவே இல்லை. பிறகு ஒரு நாள், 'அவன்', 'அவள்' என்று மட்டும் சொல்லி, விஸ்கான்சினில் ஒரு ஏரிக்கரையில் ஒரு வீட்டுக்கு ஆசைப்பட்ட ஒரு ஜோடியைப் பற்றி எழுதினார். காசில்லாத காலத்தில் வார இறுதிக்கு உறவினர்கள் கொடுத்த குட்டி வீடு, பிறகு சொந்த வீடு, சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து பார்த்த சூரிய அஸ்தமனம், கடைசியில் அவன் மட்டும் தனியாக வந்து வீட்டைப் பூட்டுவது. என் மனைவி, என் துக்கம் என்று ஒரு இடத்தில்கூட வராது. மேயரைக் கிழித்த அதே பட்டையில், அதே நீளத்தில், இதையும் எழுத அவரால் முடிந்தது.

போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். மதியம் 12-இலிருந்து 2 வரை அலுவலகக் கூட்டமும் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்து நெரியும், சுவரைப் படிக்கவே முடியாது. மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் பார் பக்கம் நிதானமாக உட்காரலாம், கவுன்டரில் இருப்பவர்களும் பேசுவதற்கு நேரம் வைத்திருப்பார்கள். குழந்தைகளைக் கூட்டிப்போகலாம், கூவலைக் கேட்டே அவர்களுக்குக் குஷியாகிவிடும். கார் கொண்டுவர வேண்டாம், அந்தப் பகுதியில் பார்க்கிங் பர்கரைவிடப் பல மடங்கு விலை. ரயிலில் வந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்து வாருங்கள். வரும் வழியில் இடது பக்கம் தெரியும் ட்ரம்ப் டவர் இருக்கிற இடத்தில்தான் முன்பு சன்-டைம்ஸ், டெய்லி நியூஸ் கட்டடம் இருந்தது. அச்சு யந்திரங்கள் ஓடுவதைத் தாழ்வாரத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பொதுமக்கள் பார்ப்பார்களாம். வலது பக்கம் ட்ரிப்யூன் டவர் அப்படியே நிற்கிறது, ஆனால் 2018-இல் பேப்பர் வெளியேறிவிட்டது, இப்போது அது அடுக்குமாடிக் குடியிருப்பு. இரண்டு பக்கமும் பேப்பர் போய்விட்டது, நடுவில் இருந்த பார் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

பில்லி கோட் பெயரில் நகரத்தில் வேறு கிளைகளும் இருக்கின்றன. பர்கர் எங்கேயும் கிடைக்கும். ராய்கோவுக்காகப் போகிறவர்கள் கீழ் மிஷிகன் அவென்யூ கடைக்கே போங்கள். போவதற்கு முந்தின ராத்திரி ராபின்சன் பத்தியையும், ஏரிக்கரைப் பத்தியையும், அந்தக் கடைசிப் பத்தியையும் தேடிப் படித்துவிடுங்கள், மூன்றும் சேர்ந்து அரைமணி நேரம்கூட ஆகாது. டபுள் சீஸ், வெங்காயம் அதிகம், ஒரு கோக்.